துருக்கித் தொப்பியும் பிள்ளைகளின் சீருடையும்

நம் சமூகத்தின் உடை வரலாற்றில் 1905 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் வந்தார். தொப்பியோடு வழக்காடப் பிரதம நீதியரசர் லெயார்ட் இடமளிக்கவில்லை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றாமல் வெளியேறினார். டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசலில் நம் மூத்தோர் பெருந்திரளாகக் கூடினார்கள். மகஜர்கள் போயின. கடைசியில் அனுமதி கிடைத்தது. அதனால் நீதிமன்றத்தின் ஒழுங்கு கெட்டுவிடவில்லை.

பாடசாலைச் சீருடைக்கும் வரலாறு உண்டு. 1993இல் அரசு இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் சுமை குறைந்தது. பிள்ளைகள் பாடசாலைக்கு வருவது இலகுவானது.

அதே சீருடை இன்று சில பிள்ளைகளைத் தடுக்கிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தொடுகை உணர்வு மிகக் கூர்மையானது. விறைப்பான கொலர், காலுறைத் தையல், இறுக்கிக் குத்திய பர்தா எல்லாம் அவர்களுக்கு வேதனை. அதை அடம் என்று சொல்லி நாம் வாசலில் நிறுத்தி வைக்கிறோம்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. சேர்த்துக்கொண்ட பிள்ளையை உடுப்புக்காகத் திருப்பி அனுப்புவது மட்டும் எப்படி நியாயமாகும்?

நிறம் அதேதான் இருக்கட்டும். துணி மென்மையாக இருக்கட்டும், லேபலை வெட்டிவிடலாம், பர்தாவைத் தளர்த்திக் கட்டலாம். பெற்றோரே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை அதிபரிடம் எழுத்தில் கேட்போம். நம் மூத்தோரும் எழுதிக் கேட்டுத்தான் பெற்றார்கள்.