டாய்ல் – கணக்கில் வராத உழைப்பு

ஆங்கிலத்துல உழைப்புக்கு வார்த்தைகளா பஞ்சம்? வொர்க், லேபர், ட்ரட்ஜரின்னு அடுக்கிக்கிட்டே போகலாம். அதுல 'டாய்ல்' ஒரு தனி ரகம். அகராதியில 'கடின உழைப்பு'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. ஆனா அதோட பூர்வீகம் ரொம்ப சுவாரசியமானது.

லத்தீனில் 'டூடெஸ்' என்றால் சுத்தியல். அதிலிருந்து வந்தது 'டூடிகுலா', அதாவது ஒலிவக் காய்களை நசுக்கும் கருவி. முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா என்ற ரோமானியர் இதைக் குறிப்பிடுகிறார். நசுக்குவது, கலக்குவது என்ற அந்த வினைச்சொல் பிரெஞ்சுக்குப் போய், 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு, அவங்க பேச்சு வழியா ஆங்கிலத்துக்குள்ள வந்துச்சு. வந்த புதுசுல அதுக்கு உழைப்புன்னு அர்த்தமே கிடையாது. சண்டை, வாக்குவாதம், இழுபறி, அவ்வளவுதான்! அந்த இழுபறிதான் மெல்ல மெல்ல உடம்பை முறிக்கிற வேலையா மாறிடுச்சு.

1940 மே 13. பிரதமரான பிறகு சர்ச்சில் நாடாளுமன்றத்துல பேசின முதல் பேச்சு. தன்னால தர முடிஞ்சதுன்னு அவர் சொன்னது நாலு: ரத்தம், டாய்ல், கண்ணீர், வியர்வை. ஜனங்க ஞாபகத்துல நின்னதோ மூணுதான். ரத்தம், வியர்வை, கண்ணீர். கண்ணுக்குத் தெரியறது மூணும் தங்கிடுச்சு. தெரியாத ஒண்ணு மட்டும் காணாமப் போச்சு!

அந்த வார்த்தை எங்க துறைக்கும் வந்து சேர்ந்தது. கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட எஸ்.ஆர்.ஈ. புத்தகத்துல டாய்லுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. கையால செய்யறது, திரும்பத் திரும்ப வர்றது, செஞ்சு முடிச்சாலும் நிலையா எதுவும் மிஞ்சாதது. இதெல்லாம்தான் அடையாளம். சுருக்கமா, செக்குமாட்டு வேலை :-) ஒரு ஆளோட நேரத்துல இது 50 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கணும்னு வரம்பும் வச்சாங்க.

எனக்கு இது பெரிய விஷயமாத் தோணுது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து சர்வரை ரீஸ்டார்ட் பண்றவனோட வேலை அப்ரைசல்ல ஒரு வரியாக்கூட வராது. பேர் வச்சு அளந்தாதான் அதைக் குறைக்கவே முடியும்.

ஆனா அந்த அடையாளங்களை அப்படியே நம்ம வீட்டு அடுப்படியில பொருத்திப் பாருங்க. சமைக்கறது, பாத்திரம் தேய்க்கறது, துணி துவைக்கறது... கையால செய்யணும், தினமும் செய்யணும், மறுநாள் காலையில ஒண்ணுமே மிஞ்சாது.

அங்க 50 சதவீதம்னு வரம்பு போட்டது யாரு?