பத்து லட்சம் மூலதனமும் இரண்டு கப்பல்களும்

திருத்தணி வட்டத்துக்குக் கடல் இல்லை. கே.ஜி.கண்டிகைக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னை வரை போக வேண்டும். ஆயினும் இந்த வட்டாரத்து மலரில் ஒரு கப்பல் கம்பெனியின் கதைக்கு இடம் கேட்க நியாயம் இருக்கிறது. வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ம.பொ.சிவஞானத்தை இங்கே அறியாதவர் குறைவு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நிலத்தோடு சேர்ந்ததில் அவர் பங்கு பெரிது. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை எழுதி, 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பெயரை நாட்டின் நாவில் நிலைக்கச் செய்தவரும் அவரே. ம.பொ.சி. பிறந்த 1906இல்தான் வ.உ.சி.யின் அந்தக் கப்பல் கம்பெனியும் பிறந்தது.

அவர் நூலை ஒட்டி 1961இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்குச் சிறையும் செக்கும் மறக்காது. கம்பெனியின் கணக்கு வழக்கு யார் நினைவிலும் இல்லை. தியாகத்தின் வெளிச்சத்தில் வியாபாரம் மங்கிவிட்டது. வ.உ.சி.க்கு இது ஒருவகை அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் நடத்தியது அடையாளப் போராட்டம் அன்று. லாபம் பார்க்க வேண்டிய ஒரு தொழில்.

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 8,000 பங்குகளை வாங்கினார். ஒருவர் கையிலிருந்து மட்டும் இரண்டு லட்சம் ரூபாய் வந்தது என்றால், இதைத் தேசபக்தர்களின் உண்டியல் வசூல் என்று சொல்லிவிட முடியாது. தூத்துக்குடி வணிகர்களுக்குக் கொழும்புப் பாதையின் வருமானம் தெரியும். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்குவோரும், தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரும், மூட்டை மூட்டையாகச் சரக்கும் அன்று பெரும்பாலும் தூத்துக்குடி வழியாகவே இலங்கைக்குப் போவது வழக்கம். கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் படகில் போய் ஏறிய காலம் அது.

அந்தப் பாதையைத் தன் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வில்லியம் மெக்கின்னன் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோகத் தொடங்கியது இது. 1862இல் இந்தப் பெயரைப் பெற்று, இந்துமாக்கடலின் கரையோரம் முழுதும் கிளை பரப்பியது. ஓரிடத்தில் நட்டம் வந்தால் இன்னோரிடத்து லாபம் அதை ஈடுகட்டும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே ஒரு பாதை. இந்த வேற்றுமையில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருந்தன.

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிரியின் நெருக்குதலில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. கொழும்பில் ஒரு கப்பலை அமர்த்திக்கொண்டு சமாளித்த வ.உ.சி., சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று பம்பாய்க்குப் போனார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. ஊரே கொண்டாடியது. ஆனால் கணக்கன் கண்ணால் பார்த்தால் ஆபத்து அங்கேதான் தொடங்கியது. வாடகைக் கப்பலை வேண்டாம் என்று திருப்பிவிடலாம். சொந்தக் கப்பலுக்கு நிலக்கரியும் மாலுமிகள் சம்பளமும் நாள்தோறும் வேண்டும். மூலதனத்தின் பெரும்பகுதி இரும்பாக மாறிய நேரம் பார்த்துக் கட்டணப் போர் சூடுபிடித்தது.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர்கள் எட்டணா என்றார்கள். அவர்கள் இலவசம் என்றார்கள். ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. குடை எப்படியோ, இந்த உத்தி புதிதன்று. 1884இல் வங்காளத்தில் ஜோதிரிந்திரநாத் தாகூர் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே நீராவிப் படகு விட்டபோதும் இதே போட்டிதான். காசு வாங்காததோடு பயணிகளுக்குத் தின்பண்டமும் கொடுத்துத் தம் அண்ணன் கடனாளியானதை ரவீந்திரர் சிரிப்பும் வருத்தமுமாக எழுதியிருக்கிறார். அங்கே வாரி இறைத்தவர் நம்மவர், இங்கே எதிரி. இரண்டு இடத்திலும் ஆழமான பைதான் வென்றது.

தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏஜெண்டு ஏ அண்டு எஃப் ஹார்வி. கோரல் மில்லை நடத்தியவர்களும் அவர்களே. 1908 பிப்ரவரியில் அந்த மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி, வேலை நேரம் என்று கேட்டது தொழிலாளர் நியாயம். கடலில் மோதிய அதே முதலாளியோடு கரையிலும் மோதியதாக அது ஆயிற்று. தொழிலாளர் வென்றார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் விடுதலை. அதற்குள், 1911இலேயே, கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

வ.உ.சி. வெளியில் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? சில ஆண்டு கூடுதலாக மூச்சு விட்டிருக்கும். அவ்வளவுதான் என்பது என் எண்ணம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும் கொழும்புப் பயணிகள் தூத்துக்குடியை விட்டு விலகினார்கள். நம்பியிருந்த ஒரே பாதையும் அப்போது வற்றியிருக்கும். வால்சந்த் ஹீராசந்தும் நண்பர்களும் 1919இல் தொடங்கிய சிந்தியா கம்பெனிக்கும் இதே எதிரிதான், இதே கட்டணப் போர்தான். கையில் கோடிக்கணக்கில் மூலதனம் இருந்ததால் அது தாக்குப்பிடித்தது. ஆனாலும் 1923இல், தன் கப்பல்களுக்கு வரம்பு கட்டிய ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகே அதைக் கடலில் இருக்க விட்டார்கள்.