முகவரிப் பட்டியலை நம்பிய கடற்கரை

வாடிக்கையாளரிடம் முகவரி வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த இடைவெளியில் அவருக்குச் செய்திமடல் அனுப்பும் வழக்கம் கடைத்தெருவுக்குப் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. சென்னைப் பாண்டி பஜாரில் கடை வைத்தவருக்கு வாசலிலேயே கூட்டம் நடமாடும். பெயர்ப்பலகையும் பண்டிகைக்கு ஒரு நாளிதழ் விளம்பரமும் போதும். ஈஞ்சம்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரையிலான செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் 1960-களிலும் 70-களிலும் புதிதாக ஏதேனும் தொடங்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை. சவுக்குத் தோப்பும் மணல்மேடும் மீனவர் குப்பங்களும்தான் அங்கே இருந்தன. போகிறபோக்கில் எட்டிப் பார்க்கும் இடம் அல்ல. வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட்டு வரவேண்டிய இடம். அந்த முடிவை எடுக்க வைக்கும் வேலை தபாலில் போகும் தாளுக்கு வந்து சேர்ந்தது.

கடிதம் எழுதியே ஆதரவு திரட்டியதற்குத் தமிழகக் கரையில் இன்னும் பழைய முன்னோடி உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய கிறிஸ்தவ மறைபரப்பாளர் சீகன்பால்க், தன் பணிக்குப் பணம் தருகிறவர்களிடமிருந்து மாதக்கணக்கான கப்பல் பயணத் தொலைவில் இருந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியலாளர் பிராங்கே 1710 முதல் தொடர் வெளியீடாக அச்சிட்டார். 1772 வரை 108 பகுதிகள் வந்தன. இக்கடிதங்கள் ஆங்கிலத்திலும் வெளிவர, லண்டனின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பிவைத்தது; 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. அந்த வெளியீடுகளில் பணம் கேட்கும் வரிகளைவிட ஊர்ச் செய்தி அதிகம்: மருத்துவம், திருவிழா, சாதி வழக்கம், தமிழ் நூல்கள். கொடுத்தவருக்குத் தன் காசு போன இடம் தெரிந்தது; அடுத்த பகுதியைப் படிக்க ஒரு காரணமும் கிடைத்தது.

செங்கல்பட்டுக் கரையில் இவ்வழியில் முதலில் இறங்கியவர்கள் ஓவியர்கள். சென்னை அரசு கலைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர், 1944-ல் தோன்றிய முற்போக்கு ஓவியர் சங்கத்தின் மையமாக இருந்தவர். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குப் போய்த் தூரிகையைக் கைவிடுவது அவருக்குப் பெருங்கவலை. கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் படம் வரைந்து வாழலாம் என்பது அவர் கண்ட வழி. பாட்டிக் துணிகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப்பட்டு, 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. (ஈஞ்சம்பாக்கம் அன்று செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாநகராட்சியில் அது சேர்ந்தது 2011-ல்.)

கிராமம் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 1961-ல், சங்கம் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற ஆங்கிலக் காலாண்டு மடலைத் தொடங்கிவிட்டது. வாசகரைத் தேடியது முதலில், நிலம் தேடியது பிறகு. இந்த வரிசையில் ஒரு வணிக விவேகம் இருக்கிறது. அவர்கள் அதை வணிகம் என்று நினைத்தார்களோ இல்லையோ. ஓவியச் சந்தையும் விமர்சனமும் பம்பாயையும் டெல்லியையும் சுற்றி இயங்கிய காலத்தில், சென்னை ஓவியர்கள் தங்களைத் தாங்களே அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஜோசப் ஜேம்ஸ் போன்ற விமர்சகர்கள் அந்தப் பக்கங்களில் எழுதினார்கள். ஓர் ஓவியர் எதைத் தேடுகிறார், அவருடைய கோடு ஏன் அப்படிப் போகிறது என்று மடல் பேசியது. விலைப்பட்டியலைப் பார்த்து யாரும் ஓவியம் வாங்குவதில்லை. ஆகவே விற்பனை நோக்கில் பார்த்தாலும் அது சரியான கணக்குத்தான். 1980-களின் தொடக்கம் வரை அது வெளிவந்தது. அதன் குறையும் வெளிப்படையானது: எல்லாம் ஆங்கிலம். ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர் கண்டது சிறுபத்திரிகைகளில்.

அந்தக் கால மடல்களின் வடிவத்தில் பாதியை அஞ்சல் துறையே தீர்மானித்தது எனலாம். ஒட்டாத உறையில் அச்சுத்தாளை மட்டும் வைத்து ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் கடிதத்தைவிடக் கட்டணம் குறைவு. எடை கொஞ்சம் கூடினாலும் அடுத்த படிக்குரிய கட்டணம் விழும். பதிவு பெற்ற பருவ இதழுக்கு இன்னும் சலுகை உண்டு, ஆனால் குறித்த நாளில் வெளியிட்டாக வேண்டும். ஆகவே பக்கம் பெருகாது, தேதி தவறாது. முகவரிகளைக் கையால் எழுத வேண்டும், அல்லது சைக்ளோஸ்டைல் எடுத்து வெட்டி ஒட்ட வேண்டும். வீடு மாறிப் போனவருக்கு அனுப்பிய ஒவ்வொரு உறையும் வீண்செலவு என்பதால் பட்டியலை அவ்வப்போது களையெடுத்தார்கள். படிக்காதவருக்கு அனுப்புவது நஷ்டம் என்று எவரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வடநெம்மேலியில் 1976-ல் முதலைப் பண்ணை தொடங்கியது. அதன் நிறுவனர் ராமுலஸ் விட்டேகர் அதற்கு முன்பே, 1969-ல், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை அமைத்தவர். 1972-ல் அது கிண்டிக்கு இடம் மாறியது. பாம்புப் பண்ணையின் செய்திமடலாக 1976-ல் பிறந்தது ‘ஹமட்ரயாட்’. ராஜநாகத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழைய பெயர் அது. சில தாள்களில் ஊர்வன பற்றிய குறிப்புகளைச் சுமந்து போன மடல், பின்னாளில் முதலைப் பண்ணையிலிருந்து வெளிவரும் ஆய்விதழாக வளர்ந்தது. நுழைவுச்சீட்டு வாங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதன் வாசகர்கள் அல்லர். நிதியும் ஆய்வாளர்களும் பெயரும் வந்து சேர்ந்த வட்டம் வேறு. அந்த வட்டத்துக்குத் தக்கபடி எழுதியதே அதன் பலம்.

அதே வளாகத்தில் செயல்படும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இப்படியொரு மடல் தேவையில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்றுபோனதால், 1978-ல் உருவான சங்கம் அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை வாங்குபவை விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்து நிறுவனங்கள். வாங்குபவர் அத்தனை பேரையும் நேரில் தெரிந்த தொழிலுக்கு முகவரிப் பட்டியல் எதற்கு?

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, நாட்டில் இணையம் பொதுமக்களுக்கு வந்து ஓராண்டு தாண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் தொடங்கிய சேவை முதலில் சென்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. பட்டறை, கண்காட்சி, கொலு, பொங்கல் விழா என்று மாதந்தோறும் நிகழ்ச்சி மாறும் அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் மடல் பொருத்தமான கருவி. தபால் போய்ச்சேர ஆகும் நாட்களும் தபால்தலைச் செலவும் ஒருசேர மறைந்தன.

செலவு மறைந்ததுதான் வினையாகவும் முடிந்தது. 1978 மே மாதத்திலேயே அமெரிக்காவில் கேரி துர்க் என்ற விற்பனையாளர், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினியை விளம்பரப்படுத்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில், யாரும் கேட்காமலேயே, மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். களையெடுக்கக் காரணம் இல்லாத பட்டியல்கள் அதன்பின் வீங்கிக்கொண்டே போயின. மடல் வடிவமைப்பு என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, தபால்தலை தானாகச் சாதித்த சிக்கனத்தை வேறு வழியில் மீட்கும் முயற்சியே. தலைப்பு வரி கைபேசித் திரையில் அடங்க வேண்டும். முக்கியச் சொல் முதலிலேயே வரவேண்டும். அகலம் 600 பிக்சல் அளவில், ஒற்றைப் பத்தியாக நிற்பது நல்லது. படம் திறக்காதவருக்கும் செய்தி புரிய வேண்டும். ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலின் வாலை வெட்டிவிடும். யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிப்பதால் தமிழ் மடல் அந்த எல்லையை ஆங்கில மடலைவிடச் சீக்கிரம் தொடும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையும் 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு நம்பத்தக்கதாக இல்லை. பதில் எழுதியவர்களையும் வந்து வாங்கியவர்களையும் எண்ணும் பழைய முறையே மிச்சம்.

இந்தக் கரையின் பழைய தொழிலான கற்சிற்பம் இதில் எங்கும் வரவில்லை. மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிப் பள்ளி 1957-ல் தொடங்கியது. அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு 2017-ல் கிடைத்தது. பட்டறைகளின் வாசலுக்குச் சுற்றுலாப் பயணி தானே வந்துவிடுகிறார். சிறு சிலைகளுக்கு அது போதும். பெரிய வேலைகளோ கோயில் திருப்பணிக் குழுக்களிடமிருந்தும் வெளிநாட்டுத் தமிழர்களிடமிருந்தும், ஸ்தபதியின் பெயரை நம்பி வருபவை. ஒருமுறை சிலை வாங்கிய கோயில் அடுத்த குடமுழுக்கின்போது மறுபடி தேடும். இடையில் ஓடுவது பன்னிரண்டு ஆண்டு. செதுக்கிக்கொண்டிருக்கும் சிலையின் படத்தோடு காலாண்டுக்கு ஒரு மடல் போனால் அந்த உறவு அறுபடாது. இக்கரையில் செய்திமடலால் அதிகம் பயனடையக்கூடிய தொழில் அதுவே.

பட்டியலைக் களையெடுக்கும் கடமையை இப்போது விதிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தரவேண்டும் என்று 2024-ல் கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு அதே விதியைக் கொண்டுவந்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.