வணிகப் பெயரடையாளம்

வணிகப் பெயரடையாளம் என்பது ஒரு பொருளை, சேவையை அல்லது கடையைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், இலச்சினை, நிறம், எழுத்து வடிவம் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். அவற்றைக் காணும்போது வாங்குவோர் மனத்தில் எழும் எதிர்பார்ப்பும் இதில் அடங்கும். பேச்சு வழக்கில் இது பிராண்டு எனப்படுகிறது. முற்காலத்தில் கடைப் பலகை, பொட்டல உறை, நாளிதழ் விளம்பரம் ஆகியவை வழியாகப் பரவிய பெயரடையாளம், 2000களின் நடுப்பகுதி முதல் சமூக ஊடகங்கள் வழியாகவும் பரவி வருகிறது. இதனால் பெரும் விளம்பரச் செலவு செய்ய இயலாத சிறு வணிகர்களும் தொலைவில் உள்ள வாடிக்கையாளர்களை அடைய முடிகிறது. அதே வேளையில், வணிகரின் பெயர் அவருக்குச் சொந்தமில்லாத ஓர் இடத்தில் வளர்கிறது என்பதால் புதிய இடர்களும் உருவாகியுள்ளன.

சொல்லும் வரலாறும்

பிராண்டு என்னும் சொல்லுக்கு மூலமான பழைய செருமானிய மொழிச் சொல் எரிதல் என்னும் பொருள் உடையது. கால்நடைகளின் உடலில் காய்ச்சிய இரும்பால் உரிமையாளரின் குறியை இடும் வழக்கத்திலிருந்து இச்சொல் வணிகத்துக்கு வந்தது. தமிழகத்திலும் மாட்டுக்குச் சூட்டுக்குறி இடும் வழக்கம் இருந்தது. இன்னாருடையது என்று காட்டுவதே குறியின் முதல் பணியாக இருந்தது. பிற்காலத்தில் இன்னார் செய்தது, ஆகவே இன்ன தரம் உடையது என்று உணர்த்துவதும் அதன் பணியாயிற்று.

தொழிற்புரட்சிக்குப் பின் பொருள்கள் செய்யப்பட்ட ஊரை விட்டு வெகு தொலைவில் விற்கப்பட்டன. செய்தவரை வாங்குபவர் நேரில் அறியாத நிலையில் குறியே அவருக்குப் பிணையாக நின்றது. போலிகள் பெருகியதால் பதிவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிரித்தானியாவில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1876 சனவரி 1 அன்று பாஸ் என்னும் பீர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் முதல் வணிகக்குறியாகப் பதிவு பெற்றது. இந்தியாவில் 1940இலும் 1958இலும் வணிகக்குறிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தற்போது நடைமுறையில் உள்ள வணிகக்குறிகள் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் செயற்பாட்டுக்கு வந்தது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது.

பெயர் தெரிவு

சட்ட நோக்கில் எல்லாப் பெயர்களும் ஒரே வலிமை உடையவை அல்ல. அவை பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

* பொருளின் பொதுப்பெயர்: எண்ணெய் விற்பவர் எண்ணெய் என்றே பெயரிடுவது. இதற்குத் தனியுரிமை கிடைப்பதில்லை.
* பண்பை விவரிக்கும் பெயர்: தூய்மை, சுவை, புதுமை போன்ற சொற்கள். நீண்ட காலப் பயன்பாட்டால் ஒரு வணிகரையே குறிக்கும் நிலை ஏற்பட்டாலன்றி இவற்றுக்குப் பாதுகாப்புக் கிடைப்பது அரிது.
* குறிப்பால் உணர்த்தும் பெயர்: பொருளை நேரடியாகச் சொல்லாமல் அதன் இயல்பை நினைவூட்டுவது.
* தொடர்பற்ற அல்லது புனைந்த பெயர்: பொருளோடு தொடர்பில்லாத சொல் அல்லது புதிதாக உருவாக்கிய சொல். இவையே மிக வலிமையானவை.

சிறு வணிகர்கள் பலர் பொருளை உடனே விளக்கும் பெயரை விரும்புகின்றனர். அது வாடிக்கையாளருக்கு எளிதில் புரியும் என்றாலும், அதே சொல்லைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுப்பது கடினம். நூடுல்சு உணவின் சுவையைக் குறிக்கும் 'மேஜிக் மசாலா' என்னும் தொடர் தொடர்பாக ஐடிசி நிறுவனம் நெஸ்லே நிறுவனத்தின் 'மேஜிக்கல் மசாலா'வுக்கு எதிராகத் தொடுத்த வழக்கை, அது புகழ்ந்துரைக்கும் பொதுத்தொடர் எனக் கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. பெரு நிறுவனத்துக்கே இயலாதது சிறு கடைக்கு மேலும் கடினம் என்பதற்கு இத்தீர்ப்பு எடுத்துக்காட்டாகும்.

இருட்டுக்கடை வழக்கு

பெயரின் மீதான உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டுச் சிறு வணிகம் ஒன்றின் வழக்கு விடையளித்துள்ளது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மங்கிய விளக்கொளியில் மாலை வேளையில் அல்வா விற்ற கடையை மக்கள் இருட்டுக்கடை என அழைத்தனர். அக்கடையின் பெயர் வாங்குவோர் வாய்ச்சொல்லால் அமைந்தது. பின்னர் வேறொரு வணிகர் அதே சொல்லுக்கு முன் ஊர்ப்பெயரைச் சேர்த்து அல்வா விற்கத் தொடங்கினார். தம் பெயருக்குப் பதிவும் பெற்றிருந்தார். இரு தரப்பும் பதிவு பெற்றிருப்பதால் ஒருவர் மற்றவரைத் தடுக்க இயலாது என்று அவர் வாதிட்டார்.

2015இல் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. முன்னரே பயன்படுத்தி நற்பெயர் ஈட்டியவரின் உரிமை, பின்னர் பெற்ற பதிவை விட மேலானது என்றும், பதிவு என்பது ஏற்கெனவே உள்ள உரிமையை உறுதி செய்வதே அன்றி உரிமையைப் புதிதாகப் படைப்பது அன்று என்றும் நீதிமன்றம் கருதியது. ஒருவர் தம் பொருளை மற்றொருவர் பொருள் எனத் தோன்றுமாறு விற்பதற்கு எதிரான இந்த உரிமையைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பாதுகாக்கிறது.

ஆயினும் முன்பயன்பாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைக் கோருபவரையே சாரும். பழைய விற்பனைச் சீட்டுகள், உரிமங்கள், விளம்பரங்கள், உறைகள், நாளிட்ட ஒளிப்படங்கள் ஆகியவை சான்றாக அமைகின்றன. இவற்றைப் பேணாத சிறு வணிகர், உரிமை இருந்தும் அதை நிறுவ இயலாமல் போகலாம்.

பதிவு முறை

இந்தியாவில் மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை, அகமதாபாத் ஆகிய நகரங்களில் வணிகக்குறிப் பதிவு அலுவலகங்கள் உள்ளன. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றில் 34 பொருள்களுக்கும் 11 சேவைகளுக்கும் உரியவை. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இணையவழி விண்ணப்பத்துக்கு வகுப்பு ஒன்றுக்குத் தனிநபர், தொடக்க நிறுவனம், சிறு நிறுவனம் ஆகியோருக்கு 4,500 ரூபாயும் பிறருக்கு 9,000 ரூபாயும் கட்டணமாக வரையறுக்கப்பட்டது.

விண்ணப்பம் ஆராயப்பட்ட பின் வணிகக்குறி இதழில் வெளியிடப்படும். அதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துக் குறியைப் பதிவு பெற்ற பின்னரே இட வேண்டும். பதிவு இல்லாமல் பதிவு பெற்றதாகக் காட்டுவது தண்டத்துக்கு உரியதாகும்.

இலச்சினையை வெளியாள் ஒருவர் வரைந்து கொடுத்தால், பணம் கொடுத்ததனாலேயே அதன் பதிப்புரிமை வணிகருக்கு வந்துவிடுவதாகக் கொள்ள இயலாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமை மாற்றம் எழுத்து மூலம் கையொப்பத்துடன் அமைய வேண்டும்.

சமூக ஊடகங்களில் பெயரடையாளம்

பேசுபுக்கு 2004இலும், டுவிட்டர் 2006இலும், இன்சுட்டாகிராம் 2010இலும் தொடங்கப்பட்டன. 2007 நவம்பரில் பேசுபுக்கு வணிகங்களுக்கெனத் தனிப் பக்கங்களை அறிமுகப்படுத்தியது. சிறு வணிகங்களுக்கான வாட்சப் பிசினசு செயலி 2018 சனவரியில் வெளியானது.

இத்தளங்களில் பெயரடையாளத்தின் இயல்பு மூன்று வகைகளில் மாறியுள்ளது. முதலாவதாக, விளம்பரம் ஒருவழிப் பேச்சாக இல்லாமல் உரையாடலாக மாறியது. 2008இல் வானூர்திப் பயணத்தில் தம் கித்தார் உடைந்ததற்கு ஈடு பெறாத கனடிய இசைக்கலைஞர் டேவ் கரோல், 2009 சூலையில் அதைப் பாடலாக்கி யூடியூப்பில் வெளியிட்டார். உலகெங்கும் பரவிய அப்பாடல், குறைகளுக்கு உடனே விடையளிக்காமை பெயரை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு மேலாண்மைப் பாடங்களில் காட்டப்படுகிறது.

இரண்டாவதாக, ஒரு பதிவு எத்தனை பேரைச் சென்றடையும் என்பதைத் தளத்தின் படிமுறைத் தீர்வே முடிவு செய்கிறது. பின்தொடர்வோர் எண்ணிக்கை அதிகமாக இருப்பினும் ஒவ்வொரு பதிவும் அனைவருக்கும் காட்டப்படுவதில்லை. எனவே பின்தொடர்வோரின் எண்ணிக்கையும் வாங்குவோரின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பணம் கொடுத்துப் பெறும் போலிப் பின்தொடர்வோர் பொருள் வாங்குவதில்லை. பல தளங்களின் விதிகளுக்கும் அது புறம்பானது.

மூன்றாவதாக, கணக்கு என்பது வணிகரின் சொத்தாக அன்றித் தளத்தின் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பயன்பாட்டு அனுமதியாகவே உள்ளது.

இரவல் இடம்

மேற்கூறிய மூன்றாம் இயல்பின் விளைவுகளைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

* இந்தியாவில் பெரிதும் பயன்பட்ட ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளசு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.
* 2020 சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் மட்டுமே நேயர்களைச் சேர்த்திருந்தோர் அவர்களோடு இருந்த தொடர்பை இழந்தனர்.
* 2021 அக்டோபர் 4 அன்று பேசுபுக்கு, இன்சுட்டாகிராம், வாட்சப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்தன. மூன்றும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை என்பதால், ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைத்திருந்தவர்களும் பயன்பெறவில்லை.
* 2022 நவம்பரில் டுவிட்டர் கட்டணம் பெற்று நீலக்குறி வழங்கத் தொடங்கியதும், எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் பெயரில் தோன்றிய போலிக் கணக்கு இன்சுலின் இனி இலவசம் என அறிவித்தது. நிறுவனம் மறுப்பு வெளியிட நேர்ந்தது.
* 2023 சூலையில் டுவிட்டரின் பெயர் எக்சு என மாற்றப்பட்டபோது, அந்த ஓரெழுத்துப் பயனர் பெயரை 2007 முதல் வைத்திருந்த தனிநபரிடமிருந்து நிறுவனம் விலை ஏதும் கொடுக்காமல் அதை எடுத்துக் கொண்டது.

இவற்றால், வணிகர்கள் சமூக ஊடகத்தைக் கடைக்குச் செல்லும் வழியாகக் கொள்வதும், சொந்த இணையத்தள முகவரியையும் வாடிக்கையாளர்களின் ஒப்புதலோடு பெற்ற தொடர்புப் பட்டியலையும் தனியே பேணுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. இணையத்தள முகவரியைத் தமிழ் எழுத்துகளிலும் பெறலாம்; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மேல்நிலை ஆள்களப் பெயர்கள் இதற்கென உள்ளன. முகவரியும் ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிக்கத் தவறினால் கைவிட்டுப் போகும்.

கணக்குப் பாதுகாப்பு

சிறு வணிகங்களில் கணக்கு பறிபோவதற்கு வெளியார் ஊடுருவல் மட்டுமன்றி உள் ஏற்பாட்டுக் குறையும் காரணமாகிறது. பணியாளர், உறவினர் அல்லது விளம்பர முகவர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொண்டு கணக்கைத் தொடங்கினால், அவர் விலகும்போது கணக்கும் அவருடன் செல்லக்கூடும். எனவே உரிமையாளரின் பெயரில் முதன்மை நிருவாகப் பொறுப்பை வைத்துக்கொண்டு, பிறருக்கு வரையறுத்த அனுமதிகளை மட்டும் வழங்குவதே முறையாகும்.

இரு படிச் சரிபார்ப்பு, கடவுச்சொல் களவு போனாலும் கணக்கைக் காக்க உதவுகிறது. கைப்பேசிக்கு வரும் சரிபார்ப்பு எண்ணை, தளத்தின் பணியாளர் என்று கூறுபவர் உட்பட எவரிடமும் பகிரலாகாது. பெயரைப் போலியாகப் பயன்படுத்திப் பணம் பறிக்கப்பட்டால் இந்தியாவில் 1930 என்னும் உதவி எண்ணில் முறையிடலாம். போலிக் கணக்கை நீக்கக் கோரும்போது வணிகக்குறிப் பதிவுச் சான்று வலுவான ஆவணமாகிறது. பதிவுச் சட்டமும் சமூக ஊடகமும் நடைமுறையில் சந்திக்கும் இடம் இதுவாகும்.

விளம்பர நெறிகள்

இந்திய விளம்பரத் தர நிருணய மன்றம் 2021இல் சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கான நெறிகளை வெளியிட்டது. பணம், இலவசப் பொருள், தள்ளுபடி முதலிய எந்தப் பயன் பெற்றாலும் அப்பதிவு விளம்பரம் என வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். நோய் தீர்க்கும், எடை குறைக்கும் என மெய்ப்பிக்க இயலாத உறுதிமொழிகளை வெளியிடும் சிறு உற்பத்தியாளரும் இதற்கு உட்பட்டவரே. தம் நண்பரின் பொருளைப் பயன் பெற்றுப் புகழும் சாதாரணப் பயனருக்கும் இந்நெறி பொருந்தும்.

திரைப்படப் பாடல்களையும் பிறர் எடுத்த ஒளிப்படங்களையும் விற்பனைப் பதிவுகளில் இசைவின்றிப் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறலாகலாம். தனிநபர் கணக்குகளுக்குத் தளங்கள் அளிக்கும் இசை அனுமதி, வணிகப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

திறனாய்வு

பெயரடையாளத்துக்குத் தரப்படும் முதன்மை, பொருளின் தரத்தையும் உழைப்போர் நிலையையும் பின்தள்ளுகிறது என்னும் திறனாய்வு உள்ளது. கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 1999இல் வெளியிட்ட நோ லோகோ என்னும் நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. இடைவிடாது பதிவிட வேண்டிய கட்டாயம் தனியே தொழில் செய்வோரின் நேரத்தைப் பெருமளவு உட்கொள்கிறது என்பதும் சுட்டப்படுகிறது. இதற்கு மாறாக, இடைத்தரகர் இன்றி நெசவாளர்களும் வீட்டிலிருந்து உணவுப் பொருள் செய்யும் பெண்களும் வாங்குவோரை நேரடியாக அடைய இத்தளங்கள் வழி செய்துள்ளன என்பதை ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

* வணிகக்குறி
* புவிசார் குறியீடு
* பதிப்புரிமை
* சமூக ஊடகம்
* நுகர்வோர் பாதுகாப்பு
* ஆள்களப் பெயர்