படுக்கை விரிப்பு விருந்துடையான வரலாறு

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணியை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் முதலில் வாங்கியது வீட்டுக்காகத்தான். கட்டில் விரிப்பு, கட்டில் திரை, சுவர்த் தொங்கல் என்று கப்பலேறிய அந்தத் துணி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தையல்காரரின் கத்தரிக்கு வந்து சீமான்களின் அங்கியாகவும் சீமாட்டிகளின் பாவாடையாகவும் மாறியது.

இந்த வணிகத்தில் செஞ்சிக்கு நேரடிப் பங்கு உண்டு. கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் முதலான துறைகள் செஞ்சி நாயக்கரின் ஆட்சியில் இருந்தன. 1608இல் டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் தங்கி வணிகம் செய்ய நாயக்கரிடமே அனுமதி பெற்றனர். 1690இல் ஆங்கிலேயர் அதே ஊர்க் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அதற்குள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் காலூன்றியிருந்தனர். மூவரும் தேடி வந்த சரக்குகளில் முதன்மையானது துணி.

ஒரு சித்திர விரிப்பு உருவாகப் பல வாரங்கள் பிடிக்கும். நெய்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, வண்ணம் கசிந்து பரவாமல் தடுக்கும். ஊசியால் துளையிட்ட காகிதத்தின் மேல் கரித்தூளைத் தேய்த்ததும் சித்திரத்தின் கோடுகள் துணியில் இறங்கும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல். சிவப்புக்குப் படிகாரம் தீட்டிச் சாயவேர் நீரில் கொதிக்கவைத்தல். நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சள் கடைசியில் வரும். பாறை மேட்டிலிருந்து எழுந்து கிளை பரப்பிப் பூத்து நிற்கும் ஒற்றை மரம், இந்த விரிப்புகளில் பெருவழக்கான சித்திரம்.

துவைத்தாலும் சாயம் போகாததுதான் இத்துணி உடையாக மாற முதல் காரணம். பட்டை எளிதில் துவைக்க முடியாது, கம்பளி கனமானது. துவைக்கத் துவைக்கப் பளிச்சிடும் பருத்தி ஐரோப்பாவுக்குப் புதிது. 1670இல் அரங்கேறிய பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகத்தில், பெருமகனாக வேடமிடத் துடிக்கும் வணிகன் இந்தியத் துணி அங்கியோடு மேடைக்கு வருகிறான். ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1666இல் தன் உருவப்படத்துக்காக இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து அணிந்தார். தரையில் கிடந்த துணி சீமாட்டிகளின் உடம்புக்கு ஏறிவிட்டதே என்று ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1708இல் எழுதினார்.

விரிப்பை உடையாக்குவது எளிதல்ல. கட்டிலை நிறைக்க வரைந்த மரம் மார்பிலும் கையிலும் துண்டுபட்டுப் போகும். ஒரு தையலில் சந்திக்கும் இரு கிளைகள் பொருந்தாமல் நிற்கும். ஆனாலும் துணி விலை உயர்ந்தது என்பதால் கிழிசலைத் தவிர்த்து நல்ல பகுதியை வெட்டி, சிறு துண்டுகளையும் ஒட்டுப்போட்டுக் குழந்தைச் சட்டை வரை தைத்தார்கள். உடை பழசானால் அதுவே மறுபடி மெத்தைப் போர்வையானது.

உள்நாட்டு நெசவாளர் பிழைப்பு கெடுவதாகக் குரல் எழுந்தது. பிரான்ஸ் 1686இல் இத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 1701இல் முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 1719இல் லண்டன் நெசவாளர், தெருவில் போன பெண்களின் சித்திர உடைகளைக் கிழித்தெறிந்தனர். 1721இல் இயற்றிய சட்டம் உடுத்துவதோடு வீட்டில் விரிப்பதையும் குற்றமாக்கியது. டச்சு நாட்டில் தடை இல்லை. ஹிண்டலோபன் ஊர்ப் பெண்கள் வென்ட்கே என்னும் நீண்ட மேலங்கியை இத்துணியில் தைத்து, துக்க காலத்துக்கு நீலமும் வெள்ளையும் அணிந்தனர். அத்தகைய உடைகளை லேவார்டன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

தடை நிலவிய காலத்திலேயே தொழில் நுட்பமும் கடல் கடந்தது. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியே, 1734ஐ ஒட்டி, சாயமிடுதலின் ஒவ்வொரு படியிலும் ஒரு துணித்துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். இயேசு சபைப் பாதிரியார் கெர்து, சித்திரம் தீட்டும் தொழிலாளரிடமே கேட்டறிந்து 1742இல் விரிவான கடிதம் எழுதினார். 1759இல் பிரான்ஸ் தடையை நீக்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் ஜூயி என்னும் ஊரில் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார். இங்கிலாந்து 1774இல் உள்நாட்டில் அச்சிட்ட பருத்திக்கு வழிவிட்டது. கையால் வாரக்கணக்கில் தீட்டியதை அச்சுப் பட்டறைகள் குறைந்த விலையில் தரத் தொடங்கியதும், சோழமண்டலச் சித்திரத் துணியின் ஐரோப்பிய வணிகம் தேய்ந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடங்கியது.