வாசலுக்கு வராத பாட்டில்



வெளிமாநிலம் போல நம் வத்திராயிருப்புக்கும் ஆன்லைனில் சரக்கு வருமா என்று சிலர் கேட்கிறீர்கள். வராது. ஒருமுறை வரப் பார்த்தது.

1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம்.

2020 மே 7, ஊரடங்கு நேரம். கடைகள் திறந்ததும் கூட்டம் முண்டியடித்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. ஊரடங்கு முடியும்வரை ஆன்லைனில் விற்று வீட்டில் கொடுக்கலாம் என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. மே 15இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. கடைகள் திறந்தன; வீட்டு விநியோகம் பேச்சோடு நின்றது. அதே மாதம் ஜார்க்கண்டில் அது தொடங்கிவிட்டது.

கடை வாசல் கூட்டம் குறையுமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது யார்? நம் பிள்ளைகள்தானே!