ஹயாத் ஓட்டலைச் சுற்றி ஓடிய கார்கள்

கோல்டு சூக் மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கடல் பக்கம் பார்த்தால் ஹயாத் ரீஜன்சி ஓட்டல் தெரியும். நிலையத்துக்கு முன்பு பாம் தேரா என்று பெயர். நம்மில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். 1981 டிசம்பரில் இந்த ஓட்டலைச் சுற்றிப் பந்தயக் கார்கள் ஓடின என்று சொன்னால், தேராவில் இருபது வருடம் குப்பை கொட்டியவர்களே நம்ப மாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை. எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வாடிக்கையாக வரும் கீழக்கரைப் பாய் ஒருவர் சொல்லித்தான் தெரியும். 1979-ல் தேராவுக்கு வந்தவர். "நான் பார்த்தவன் தம்பி" என்று தொடங்கினால் டீ ஆறும்வரை நிறுத்த மாட்டார்.

மலர்க்குழு என்னிடம் கேட்டது, வளைகுடாவில் மோட்டார் பந்தயம் வளர்ந்த வரலாறு. வளர்ந்ததைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் தடங்களைப் பற்றி, அதிலும் காணாமல் போன தடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

1971 டிசம்பர் 2-ஆம் தேதி அமீரகம் உருவானது. பத்தாவது ஆண்டு நிறைவுக் கொண்டாட்டத்தை ஒட்டி நடந்ததுதான் துபாய் கிராண்ட் பிரீ. ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்த போட்டி அல்ல. பெயர் மட்டும் அப்படி. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், அப்போது புதிதாக நின்றிருந்த ஹயாத்தைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் சொச்சத்துக்குத் தெருத்தடம் போட்டார்கள். பழைய பந்தயக் கார்களும் பழைய சாம்பியன்களும் வந்து இறங்கினார்கள். ஸ்டிர்லிங் மாஸ் வந்தார். ஐந்து முறை உலக சாம்பியனான அர்ஜென்டினாவின் ஃபான்ஜியோ, எழுபது வயதில், தன் காலத்து மெர்சிடிஸை ஓட்ட வந்தார். அந்தப் பயணத்தில்தான் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து ஊர் திரும்பி, அறுவை சிகிச்சை செய்துகொண்டு 1995 வரை இருந்தார். உலகத்தின் மிகப் பெரிய ஓட்டுநர்களில் ஒருவர் மீன் மார்க்கெட்டும் அபராப் படகுகளும் இருந்த ஊரில் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் என்பது, பாய் இன்றும் அடங்கிய குரலில் சொல்லும் பகுதி.

மறு வருடம் பந்தயம் இல்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. தேராவின் தடம் ஒரே ஒரு முறை உயிரோடு இருந்த தடம்.

தடம் என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மோட்டார் பந்தயத்தில் பழைய குடும்பங்கள் இரண்டு. ஒன்று சாலையின் வளைவு நெளிவுகளைப் பார்த்துச் செய்தது. மற்றது குதிரைப் பந்தய மைதானத்தைப் பார்த்துச் செய்த நீள்வட்டம். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் 1907-லும் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் 1909-லும் வந்தன. அமெரிக்காவில் இந்த நீள்வட்டம் ஊருக்கு ஊர் பரவியது. பெரும்பாலும் அரை மைல், கால் மைல் மண் தடம். சனிக்கிழமை இரவில் உள்ளூர் மெக்கானிக் தன் பழைய காரைத் தட்டிக் கொட்டி எடுத்து வந்து ஓட்டுவான். அவன் மாமனார் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கத்துவார். சுற்றிச் சுற்றி இடப்பக்கமே திரும்பும் இந்த ஓட்டத்தில் என்ன இருக்கிறது என்று சாலைப் பந்தயக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இருப்பது ஒன்றுதான். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் முழுப் பந்தயமும் கண்ணுக்குத் தெரியும். யார் முந்தினான், யார் தொட்டான், யார் எஞ்சின் புகைந்தது என்று அறிவிப்பாளர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்தத் தடங்கள்தான் ஒவ்வொன்றாக மூடின. ஊர் வளர்ந்து தடத்தின் மதிலைத் தொட்டது. புதிதாக வீடு வாங்கியவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தார்கள். நிலத்தின் விலை டிக்கெட் வசூலைப் பார்த்துச் சிரித்தது. கலிஃபோர்னியாவில் 1970-ல் பெரும் செலவில் திறந்த ஒன்டாரியோ நீள்வட்டம் பத்தே வருடத்தில், 1980-ல், நிலத்துக்காக விற்கப்பட்டது. வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ 1947-ல் தொடங்கி, 1996-ல் பெரிய பந்தயத்தை இழந்து, புல் முளைத்துக் கிடந்து, 2023-ல் ஒரு வழியாகத் திரும்பி வந்தது. அது விதிவிலக்கு. இங்கிலாந்தில் 2001-ல் திறந்த ராக்கிங்ஹாம் 2018-ல் மூடியது. அதன்பின் அங்கே கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள், ஓட்டவில்லை. பந்தயத் தடம் பார்க்கிங் ஆவதை விடக் கொடுமை வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. தேராவில் பார்க்கிங் தேடி அலைபவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

என் சொந்த ஊர் செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம். ஆகவே எனக்கு நீள்வட்டம் வேண்டாம், சோழவரம் போதும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர் முடிந்து சும்மா கிடந்த அந்தக் கான்கிரீட்டைப் பந்தயத் தடமாக்கியது. ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டிப் பந்தயம். நாடு முழுவதிலிருந்தும் வந்தார்கள். ஃபியட், ஹெரால்ட், பிறகு சிபானி டால்பின், ராஜ்தூத்தும் யமஹாவும் எஸ்டியும். வண்டிக்குள் இருப்பது என்ன என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதே கார்தான் கார்பரேட்டர் மாற்றி, சீட்டைக் கழற்றி, சைலன்ஸரை வெட்டி எதிரே வருகிறது. பெரம்பூர்ப் பட்டறையில் வேலை செய்த பையனும் மில் முதலாளி மகனும் ஒரே தொடக்கக் கோட்டில் நின்றார்கள். ஒரே பணத்தோடு நின்றார்கள் என்று சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பந்தயம் பரம்பரையாக வேர்விட்டது அங்கேதான். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அது இந்தியாவுக்கு ஃபார்முலா மாருதி என்ற ஒரு வகுப்பையே கொடுத்தது. நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் எஞ்சினில் ஃபார்முலா கார். இதை விட நல்ல ஜனநாயகம் பந்தயத்தில் நான் பார்த்ததில்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் போனார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது.

சோழவரம் 1980களோடு முடிந்தது. கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் 3.7 கிலோமீட்டர் தடம் போட்டது. எல்லாம் முறைப்படி. ஓட்டுபவனுக்கு நல்லது, பாதுகாப்பும் கூடுதல். கூட்டம் மட்டும் பழைய கூட்டம் இல்லை. சோழவரத்தில் திருவிழாவுக்கு வருவது போல வந்தவர்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. கிரிக்கெட் வீட்டுக்குள் வந்துவிட்டது, தடம் ஊரைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் நடந்தன. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க எனக்குத் தெம்பில்லை.

வளைகுடாவின் கதை தலைகீழ். இங்கே சிறிய தடம் வளர்ந்து பெரிய தடம் ஆகவில்லை. முதலில் மணல் இருந்தது. 1984-ல் மத்திய கிழக்கு ராலி சாம்பியன்ஷிப் தொடங்கியது. துபாய்க்காரர் முகமது பின் சுலாயம் அதைப் பதினான்கு முறை வென்றார். 1991-ல் அவர் தொடங்கிய டெசர்ட் சேலஞ்ச் பாலைவனத்தைப் பந்தயக் களமாக்கியது. இப்போது அவர் உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் தலைவர், 2021 டிசம்பரிலிருந்து. ராலியில் பார்வையாளனுக்கு என்ன தெரியும்? தூரத்தில் புழுதி, அருகில் பத்து நொடி, பிறகு மறுபடி புழுதி.

பிறகு 2004. அந்த ஒரே ஆண்டில் பஹ்ரைனில் சக்கீர், கத்தாரில் லுசைல், துபாயில் ஆட்டோட்ரோம் மூன்றும் திறந்தன. ஏப்ரல் 4-ஆம் தேதி பஹ்ரைனில் மத்திய கிழக்கின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். ஷூமேக்கர் ஜெயித்தார். மறு வருடம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்காக அதே தடத்தில் ஓட்டினார். 2010-ல் சென்னை கருண் சந்தோக்கின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயமும் பஹ்ரைனில்தான். கார் தயாராகவில்லை. தகுதிச் சுற்றில்தான் அவர் அந்தக் காரில் முதன்முதலாக உட்கார்ந்து ஓட்டினார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஒரு மேட்டில் ஏறிச் சுவரில் மோதி முடிந்தது. ஊர்ப் பையன் ஓட்டுகிறான் என்று லீவு போட்டுப் போன நம்மவர்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

துபாய் அரச குடும்பத்தின் ஷேக் மக்தூம் தொடங்கிய ஏ1 கிராண்ட் பிரீ இந்தக் கதையில் தனி அத்தியாயம். நாட்டுக்கு ஒரு அணி, எல்லாருக்கும் ஒரே கார். 2005-ல் தொடங்கியபோது இந்திய அணிக்கு ஓட்டியவர்கள் கருணும் அர்மான் இப்ராஹிமும், இருவரும் சென்னை. 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் நரேன் இந்தியாவுக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்தார். 2009-ல் பணம் வற்றிப்போய்ப் போட்டியே நின்றது. அந்த ஆண்டுதான் அபுதாபியில் யாஸ் மரீனா திறந்தது. அந்திக்குத் தொடங்கி விளக்கொளியில் முடியும் பந்தயம், தடத்தின் மேலேயே குறுக்காக ஓட்டல்.

இந்தத் தடங்களைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் ஐந்தரை கிலோமீட்டர் தடத்தில் உங்கள் இருக்கைக்கு முன் ஒரு வளைவு. மற்றதெல்லாம் எதிரே இருக்கும் பெரிய திரையில். காசு கொடுத்து வெயிலில் உட்கார்ந்து டிவி பார்ப்பதற்குப் பெயர் நேரில் பார்ப்பது.

இங்கே நீள்வட்டம் உண்டா என்றால், உண்டு. அது ஒட்டகத்துக்கு. அல் ஐன் சாலையில் அல் மர்மூமுக்கு விடியலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒட்டகங்கள் தடத்தில் ஓடும். பக்கத்துச் சாலையில் லேண்ட் குரூஸர்கள் முட்டி மோதிக்கொண்டு கூடவே ஓடும். முதலாளி ஜன்னல் வழியாக ஒட்டகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே ரிமோட்டை அமுக்குவார். முதுகில் இருக்கும் குட்டி ரோபோ சாட்டையைச் சுழற்றும். சாட்டையைச் சுழற்றுவது நாம் சுவரில் ஆணி இறக்க வைத்திருக்கும் ட்ரில்லின் மோட்டார் போன்றதுதான். ஒரு காலத்தில் அந்த முதுகில் தெற்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தார்கள். 2005-ல் அதை அமீரகம் தடை செய்தது. ரோபோ வந்தது அதன்பின். தொழில்நுட்பம் மனிதனை இறக்கிவிட்டதை நான் மனமாரப் பாராட்டிய இடம் அது ஒன்றே.

2024 ஏப்ரல் 27-ஆம் தேதி யாஸ் மரீனாவில் ஓட்டுநரே இல்லாத பந்தயக் கார்கள் ஓடின. கணினிதான் ஓட்டியது. ஒன்று சுழன்று நின்றது, பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும் டாக்ஸி மாதிரி பொறுமையாக நின்றன. எனக்கு ஒட்டகம்தான் நினைவுக்கு வந்தது. ஒட்டகத்துக்காவது கோபம் வரும்.

ரசனை மாறிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எங்கள் கடைப் பையன்கள் ஃபார்முலா ஒன்னை நெட்ஃபிளிக்ஸில் கற்றார்கள், ஸ்டியரிங் பூட்டிய மேசையில் ஓட்டுகிறார்கள். லீவாவில் மொரீப் மணல்மேட்டில் வண்டி ஏற்றுவதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரப் பந்தயம் நடந்தபோது இதே பையன்கள் லீவு கேட்டு வரிசையில் நின்றார்கள். 2006-லிருந்து நடக்கும் பந்தயம். அதுவரை பெயர்கூடத் தெரியாது. நடிகர் அஜித்தின் அணி வருகிறது என்றதும் தேரா, கிசைஸ், சார்ஜா பெட் ஸ்பேஸ்கள் எல்லாம் காலியாகி மோட்டார் சிட்டியில் இறங்கின. பயிற்சியில் அவர் கார் மோதிச் சுழன்ற காட்சி அதற்குள் எல்லார் கைப்பேசியிலும் ஓடி முடிந்திருந்தது. அவர் அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. பந்தயத்தில் யார் எத்தனையாவது என்று பாதிப் பேருக்குக் கடைசிவரை புரியவில்லை. அதைக் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. சோழவரத்திலும் எனக்கு எட்டு வயதில் ஒன்றும் புரியவில்லை. ஆமணக்கெண்ணெய் எரிந்த வாசனை மட்டும் ஞாபகம்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் பாயை அழைத்துக்கொண்டு ஹயாத்தைச் சுற்றி நடந்தேன். வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ முடிந்த நேரம். கால்வாசி தூரம் போனதும் கட்டுமான வேலி. அதற்கப்பால் கடலே தள்ளிப் போயிருக்கிறது, தீவுகள் வந்துவிட்டன. மீன் மார்க்கெட்டும் 2017-ல் குளிரூட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. டெலிவரி பைக்குகள் மட்டும் எங்களை உரசிக்கொண்டு போயின. ஓட்டலின் 25-ஆம் மாடியில் சுழலும் உணவகம் வைத்திருந்தார்கள். தடம் இருந்த நாளில் அந்த உயரத்தில் நின்றவனுக்கு முழுச் சுற்றும் தெரிந்திருக்கும் என்று பாயிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

"நீங்க எங்கே நின்னு பார்த்தீங்க பாய்?"

ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டினார். பிறகு வேறொன்றைக் காட்டினார். பிறகு சிரித்துவிட்டார்.

"எங்கே தம்பி பார்த்தேன்? அர்பாப் லீவு குடுக்கல. கடைக்குள்ளே நின்னு பில்டர் எண்ணிக்கிட்டு இருந்தேன். சத்தந்தான் கேட்டுச்சு."